எந்த விரலுக்கும்

ஸ்கிரீன் கார்டு ஒட்டத்தான் வந்தார் வைரவண்ணன்.
கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது எனக்கு.
சொல்லவில்லை.
ஈரத்துணியால் துடைத்தேன், காய்ந்த துணியால் துடைத்தேன்,
தூசி ஸ்டிக்கரை நாலு மூலையிலும் வைத்து எடுத்தேன்.
ஒரு பொய்க்கு இவ்வளவு பணிவிடை
இதுவரை செய்ததில்லை.

"எவ்வளவுண்ணே?"
"பதினாலு. கடையில எழுவது.
ஏர்போர்ட்டுல பிடிச்ச மாலு.
பைபாஸ்ல ஒரு லாரிக்காரப் பய கொடுத்தான்."
பயலைப் பற்றிச் சொல்லும்போது
அவர் குரலில் கொஞ்சம் இரக்கம் இருந்தது,
ஏமாந்தது அவன்தான் என்பதுபோல்.

மூன்று கேமராவில் ஒன்றை விரலால் மூடினேன்.
கடை தெரிந்தது.
இரண்டாவதையும் மூடினேன்.
அப்போதும் தெரிந்தது:
ஃபேன், காலண்டர், கல்லா மேல் மாதா,
ஒன்றும் புரியாத அவர் முகம்.
நட்சத்திரம், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ்.
பதினைந்து எண்கள் வந்து நின்றன.
பெட்டியில் அச்சடித்திருந்தது
வேறு யாருடைய பதினைந்தோ.

"பூட்டுக்கு உங்க விரல்தானே வச்சிருக்கீங்க?"
"எம் விரல் மட்டுந்தான்."
என் கட்டைவிரலை வைத்தேன்.
திறந்தது.
டீ கொண்டுவந்த பையனைக் கூப்பிட்டேன்.
பால் பிசுக்கும் பிஸ்கட் தூளும் ஒட்டிய விரல்.
அதற்கும் திறந்தது.

கத்துவார் என்றுதான் நினைத்தேன்.

முனீஸ்வரன் கோயில் தெருவில் அவருக்குப் பழஞ்சாமான் கடை.
கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை.
போன தையில் அறுத்த மாம்பலகை
அங்கே மூன்று கை டீ டிகாஷன் குடிக்கும்.
கரையான் போகாத இடத்துக்குக் குண்டூசி போகும்.
ஆணிகள் உப்புத் தண்ணீரில் ஒரு வாரம்.
சுவீடன் எனாமல் தூக்குவாளியின் விளிம்பில்
எங்கே தட்டினால் எனாமல் உதிர்ந்து
மூன்று தலைமுறை கைபட்டது போலாகும் என்று
அவர் சுத்தியலுக்குத் தெரியும்.
"பர்மாத் தேக்கு" என்பார் பெங்களூர் ஓட்டல்காரர்களிடம்,
லாரிக்காரப் பயல் "ஏர்போர்ட்டு" சொல்லியிருக்கக்கூடிய
அதே சுருதியில்.

சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்தார்.
போனைத் திருப்பி, முதுகைப் பார்த்தார்,
ஓரம் பார்த்தார், சார்ஜ் குழியைப் பார்த்தார்.
நகத்தை விட்டு ஓட்டினார்.
ஓர் இடத்தில் நகம் நின்றது.
"இங்கதான் கோணிருச்சு அவனுக்கு" என்றார்,
உடன் வேலை செய்தவனைச் சொல்வதுபோல்.
"எங்க தொழில்ல நேரா இருந்தா பொய்யி, ஆத்தா."
"இதுல கோணினாத்தாண்ணே பொய்யி."
"மத்தபடி என்னா வேல பாத்திருக்கான்!
அந்த எழுத்தப் பதிச்ச கை
எங்க ஆளுக ஒருத்தனுக்கும் வராது."

பிறகு, ஏதோ ஞாபகம் வந்தாற்போல்:
"ஐநூத்திப் பன்னெண்டு ஜிபின்னு காட்டுதே?"
"காட்டும். உள்ள எட்டுதான்.
எட்டுக்கு மேல எதை வச்சாலும்
மொதல்ல வச்சதத் தின்னுரும்.
புதுசுக்கு எடம்விட
பழச அழிச்சுக்கிட்டே வரும்."

கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார்.
அப்புறம் சிரித்தார், தோள் குலுங்க,
டீ கிளாசை ஸ்டூலில் வைத்துவிட்டுச் சிரித்தார்.
"அப்ப எனக்கு நேர் எதிர்த்தாப்புல
கடை போட்டிருக்கான், ஆத்தா."

ஒட்டவா வேண்டாமா என்று கேட்டேன்.
ஒட்டு என்றார்.
விரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி
ஒரு குமிழ்கூட இல்லாமல் ஒட்டினேன்.
"எவ்வளவு?"
"நூத்தம்பது."
"கிளாசு ஒரிஜினல்தானே?"
"ஒரிஜினல்தாண்ணே."
அட்டையிலேயே அப்படித்தான் அச்சடித்திருக்கிறது,
தங்க எழுத்தில்.
மதுரையில் நூறு அட்டையாக எடுத்தால்
ஒன்று பதினோரு ரூபாய்.

அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
லென்ஸை நோக்கிப் போன கை
பாதியில் நின்று,
பக்கத்துப் பையிலிருந்து
பணத்தை எடுத்தது.